மூலம் தேடிய முனிவர்

உலகப் பெரியோர் வரிசையில் நாடாண்ட மன்னர் உளர். போர்க்களம் கண்ட வீரர் உளர். இன்னுயிர் ஈந்த தியாகியர் உளர். ஆயின், மைக்கூடும் எழுதுகோலும் துணையாக ஓர் அறையில் அமர்ந்து, எழுத்தையே தவமாகக் கொண்டு வாழ்ந்து, புனிதர் எனப் போற்றப்பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஜெரோம் என்னும் பெரியார். இலத்தீன் மொழியில் இவர் பெயர் எரோணிமுஸ் என்பதாம். கி.பி. நான்காம் நூற்றாண்டில் தோன்றி, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இவர்தம் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்கச் சொல்ல விழைகின்றோம்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு சங்கத்தார் பணித்தபோது யாம் இவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. யாம் புகைவண்டித் துறையில் ஓர் எழுத்தர். பள்ளியிறுதித் தேர்வுக்கு மேல் கற்றிலோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் எம் பணிப்பதிவேட்டில் எம் பிறந்த ஆண்டு பிழையாக ஏறிவிட்டது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுத, அதனைப் பார்த்து மூன்றாமவர் எழுத, 8 என்னும் எண் 3 ஆயிற்று. மூன்று ஏடுகளிலும் ஒன்றுபோல் இருந்தமையின் அதுவே உண்மை எனச் சாதித்தனர் சிலர். இறுதியில் விடுப்பெடுத்து, இரண்டு நாள் பயணம் செய்து, சொந்த ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை நேரிற் கண்டு சான்று பெற்று வந்த பின்னரே திருத்தம் கிட்டியது.

படிக்குப் படி பிழை பெருகும். மூலத்தை நாடினாலன்றி அது தீராது. இச்சிறு பாடத்தை யாம் ஒரு பதிவேட்டில் கற்றோம். ஜெரோமோ, கோடிக்கணக்கானோர் பின்னாளில் போற்றிய மறைநூல் ஒன்றில் இப்பாடத்தைச் செயற்படுத்தினார். அதற்குரிய விலையையும் கொடுத்தார்.

பிறப்பும் கல்வியும்

ஜெரோம் ஏறத்தாழ கி.பி. 347-ஆம் ஆண்டில், தல்மாத்தியா, பன்னோனியா என்னும் உரோமை மாநிலங்களின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவர் வாழ்நாளிலேயே அவ்வூரைக் கோத்தர் என்னும் படையினர் அழித்துவிட்டனர். அஃது எவ்விடத்தில் இருந்ததென்று இன்றளவும் அறிஞர் உறுதியாகக் கூறுதற்கியலவில்லை. திரும்பிச் செல்ல ஊரில்லாத ஒருவர் மூலத்தைத் தேடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

செல்வக் குடியிற் பிறந்தமையால் இளமையிலேயே கல்வியின் பொருட்டு உரோமாபுரிக்கு அனுப்பப்பெற்றார். அங்கே புகழ்பெற்ற இலக்கண ஆசிரியராகிய தொனாத்துஸ் என்பாரிடம் பயின்றார். சிசரோவின் உரைநடையும் வர்ஜிலின் காவியமும் இவர் நெஞ்சில் ஊறின. இளமைக்குரிய தவறுகளும் அந்நகரில் இவரை விட்டுவைக்கவில்லை. அவற்றை இவரே பின்னர் ஒளியாது ஒப்புக்கொண்டார். எனினும் ஞாயிற்றுக்கிழமைகளில் உடன்பயில்வோருடன் நிலத்தடிக் கல்லறைகளுக்குச் சென்று, மறைக்காக மாண்டோரின் நினைவிடங்களை இருளில் தடவித் தடவிக் காண்பது இவர்தம் வழக்கம். அந்நகரிலேயே திருமுழுக்கும் பெற்றார். நூல்களைத் தம் கையால் படியெடுத்துச் சேர்த்து, தமக்கென ஒரு நூலகமும் அமைத்துக்கொண்டார்.

ஒரு கனவு

பின்னர் ஜெரோம் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். வீட்டையும் உறவினரையும் துறந்த இவரால் நூல்களைத் துறக்க இயலவில்லை. அவற்றையும் சுமந்து சென்றார். சிரியா நாட்டு அந்தியோக்கியா நகரில் கடுங்காய்ச்சல் கண்டது. உடன்வந்தோர் சிலர் இறந்தனர். இவர்க்கும் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு நடந்ததாம்.

அந்நிலையில் இவர் ஒரு கனவு கண்டார். இறைவனுடைய நீதிமன்றத்தின் முன் தாம் நிறுத்தப்பட்டதாகவும், நீ யார் என வினவப்பட்டதற்குக் கிறித்தவன் எனத் தாம் விடையிறுத்ததாகவும், அதனை ஏலாத நீதிபதி, இவரைச் சிசரோவின் அடியானேயன்றிக் கிறித்துவின் அடியானல்லன் எனத் தீர்ப்பளித்துக் கசையடி கொடுப்பித்ததாகவும் பின்னாளில் ஒரு மடலில் இவர் வரைந்துள்ளார். இனி அந்நூல்களைத் தொடுவதில்லை என அழுது உறுதி கூறினாராம். அவ்வுறுதியை இவர் முற்றும் காத்தாரென்று கூறுதற்கில்லை. இவர் எழுதிய ஒவ்வோர் ஏட்டிலும் சிசரோவின் நடை எட்டிப்பார்க்கிறது என்பர் கற்றோர். கற்ற மொழியை வெறுத்தொதுக்குவது எளிதன்று. அம்மொழியைப் புதிய பணிக்கு ஆட்படுத்தியதே இவர்தம் வெற்றி.

பாலையிற் கற்ற மொழி

நலம் பெற்றபின் கால்கிஸ் என்னும் பாலைப் பகுதியிற் சில ஆண்டுகள் தவம் புரிந்தார். உடல் மெலிந்தும் உள்ளம் அடங்கவில்லை. உரோமாபுரியின் ஆடலரங்குகள் நினைவில் வந்து அலைக்கழித்தன. மனத்தை ஒருநிலைப்படுத்த இவர் கண்ட மருந்து யாது? எபிரேய மொழியைக் கற்கத் தொடங்கியதே!

கிறித்தவத்தைத் தழுவிய யூதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். சிசரோவின் இன்னோசையில் தோய்ந்த செவிக்கு, மிடற்றிலும் பல்லிடையிலும் உரசிப் பிறக்கும் அவ்வெழுத்தொலிகள் கடுமையாகவே இருந்தன. பன்முறை நம்பிக்கை இழந்து கைவிட்டார். பன்முறை மீண்டும் தொடங்கினார். முப்பது வயதை எட்டிய ஒருவர், புலமையிற் பெயர் பெற்றபின், சிறுவன்போல் அரிச்சுவடி ஏந்தி அமர்ந்த பணிவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வந்த ஊரின் மொழியை நடுவயதில் கற்கப் புகுந்த நம்மனோர்க்கு அத்துன்பம் புதிதன்று.

இதன்பின் அந்தியோக்கியாவில் குருப்பட்டம் பெற்றார். துறவியாகவே வாழ்வேன் என்னும் உரிமையைக் கேட்டுப் பெற்ற பின்னரே அதற்கு இசைந்தார். பின்னர்க் கொன்ஸ்தாந்திநோபிள் நகரில் நசியான்சுஸ் ஊர்க் கிரகோரியார் என்னும் பேரறிஞரிடம் மறைநூல் விளக்கம் கேட்டார்.

உரோமாபுரியில் இட்ட பணி

கி.பி. 382-இல் உரோமாபுரிக்குத் திரும்பிய இவரைப் பாப்பரசர் தமாசுஸ் தம் செயலர்போல் அருகிருத்திக்கொண்டார். அந்நாளில் மேலைநாட்டு மக்கள் படித்த இலத்தீன் விவிலியத்தின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. பலர் பல காலத்தில் மொழிபெயர்த்தவை. அரைகுறையாகக் கற்றோர் திருத்தியவை. உறங்கி வழிந்தோர் படியெடுத்தவை எனப் பலவும் கலந்து, சுவடிக்குச் சுவடி பாடம் வேறுபட்டது. இவற்றை ஒழுங்குபடுத்தித் தருமாறு பாப்பரசர் பணித்தார்.

ஜெரோம் அஞ்சினார். மூலமாகிய கிரேக்கத்துடன் ஒப்புநோக்கித் திருத்தினால், சிறுவயது முதல் ஒரு பாடத்தைக் கேட்டுப் பழகியோர் தம்மைப் பொய்யர் என்றும் மறைநூலைக் கெடுத்தவர் என்றும் தூற்றுவர் என்பதை அவர் அறிவார். தம் முன்னுரையிலேயே அதனைக் குறித்துவிட்டு, நற்செய்தி நூல்கள் நான்கையும் திருத்தி முடித்தார். அஞ்சியவாறே வசையும் வந்தது.

அக்காலத்தில் அவென்தீன் குன்றில் உயர்குடிப் பெண்டிர் சிலர் கூடி மறைநூல் பயின்றனர். மர்செல்லா என்னும் கைம்பெண், பவுலா என்னும் மற்றொரு கைம்பெண், பவுலாவின் மகளிர் பிளேசில்லா, எயுஸ்தோக்கியம் ஆகியோர் அவர்களுட் சிலர். ஜெரோம் அவர்களுக்கு ஆசிரியரானார். அவர்கள் தொடுத்த வினாக்கள் இவரையே திணறச் செய்தனவாம். 384-இல் இளம்பெண் பிளேசில்லா இறந்தாள். கடுநோன்பே காரணம் என மக்கள் ஜெரோமைப் பழித்தனர். அவ்வாண்டின் இறுதியிற் பாப்பரசரும் மறைந்தார். குருமாரின் ஆடம்பரத்தை இவர் எள்ளி எழுதியவை பகைவரைப் பெருக்கியிருந்தன. ஆகவே 385-இல் உரோமாபுரியை விட்டு நீங்கினார்; மீண்டும் அந்நகரைக் காணவேயில்லை.

பெத்லகேம் மடம்

பவுலாவும் எயுஸ்தோக்கியமும் பின்தொடர்ந்தனர். கரையில் நின்ற இளம் மகன் கைநீட்டி அழைத்தும் பவுலா திரும்பாமற் கப்பலேறினாள் என்பர். அத்தாயின் உறுதி போற்றத்தக்கதோ, அம்மகனின் கண்ணீர் இரங்கத்தக்கதோ, யாம் சொல்லவல்லோம் அல்லோம். இரண்டும் உண்மையே.

386-இல் அனைவரும் இயேசுபெருமான் பிறந்த பெத்லகேமில் தங்கினர். பவுலாவின் செல்வத்தால் ஆடவர்க்கு ஒரு மடமும், பெண்டிர்க்கு மடங்களும், வழிப்போக்கர்க்கு ஒரு விடுதியும் எழுந்தன. பவுலா எபிரேயம் கற்றுத் திருப்பாடல்களை அம்மொழியிலேயே பாடும் அளவுக்குத் தேர்ந்தார். ஜெரோம் எழுதிய நூல்கள் பல இத்தாய்க்கும் மகளுக்கும் காணிக்கையாக்கப்பெற்றவை.

அங்கேதான் இவர்தம் பெரும்பணி நடந்தது. அதுவரை இலத்தீன் மக்கள் பழைய ஏற்பாட்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்திருந்தனர். அஃதாவது, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஜெரோமும் முதலில் அவ்வழியே சென்றார். செசரியா நகர நூலகத்தில், ஓரிஜன் என்னும் அறிஞர் எபிரேயத்தையும் கிரேக்கப் பாடங்களையும் பத்திபத்தியாக அருகருகே எழுதிவைத்த மாபெரும் சுவடியைப் பார்வையிட்டார். பின்னர்த் துணிந்தார்: கிளையைப் பிடித்துத் தொங்குவதால் பயனில்லை, வேருக்கே செல்வோம் என்று. ஏறத்தாழ 390 முதல் 405 வரை, எபிரேய மூலத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார்.

இப்பணிக்குப் பரனினா என்னும் யூத ஆசிரியரைப் பெரும்பொருள் கொடுத்து அமர்த்தினார். தம்மவர் கண்டால் இடர் நேரும் என்றஞ்சிய அவ்வாசிரியர் இரவில் வந்து கற்பித்துச் சென்றார். தோபித்து என்னும் நூல் அரமேய மொழியில் இருந்தது. இரு மொழியும் அறிந்த ஒருவர் அதனை எபிரேயத்தில் வாய்மொழியாகக் கூற, ஜெரோம் அதனைக் கேட்டு இலத்தீனிற் சொல்ல, எழுத்தர் ஒருவர் எழுத, ஒரே நாளில் அந்நூல் முடிந்தது! சாலமோனின் பெயரால் வழங்கும் மூன்று நூல்களை மூன்று நாளில் முடித்தார். இவ்விரைவுக்குப் பின்னே எத்தனை ஆண்டுப் பயிற்சி இருந்தது என்பதை மறத்தல் கூடாது.

ஆமணக்குச் செடி வழக்கு

மூலத்தை நாடியவர்க்கு நேர்ந்த இடர்களுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துரைப்போம். யோனா என்னும் இறைவாக்கினர் நினிவே நகர்ப்புறத்தில் வெயிலில் அமர்ந்திருந்தபோது, இறைவன் ஒரு செடியை முளைப்பித்து நிழல் தந்ததாகவும், மறுநாள் ஒரு புழு அரிக்க அது பட்டுப்போனதாகவும் விவிலியம் கூறும். பழைய இலத்தீன் பாடத்தில் அது சுரை எனப்பட்டது. ஜெரோம் அதனை நீக்கி, ஐவிக் கொடி எனப் பொருள்படும் சொல்லை இட்டார்.

வட ஆப்பிரிக்காவில், இன்று திரிப்போலி எனப்படும் நகரில், ஆயர் ஒருவர் இப்புதிய பாடத்தைக் கோயிலிற் படித்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். பாட்டன் காலம் முதல் கேட்டு வந்த சொல் எங்கே என ஆர்ப்பரித்தனர். உள்ளூர் யூதரைக் கேட்க, அவர்கள் பழைய பாடமே சரி என்றனராம். மக்கள் தம்மைக் கைவிட்டுப் போவர் என்றஞ்சிய ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இச்செய்தியை அகுஸ்தீனார் ஜெரோமுக்கு எழுதி, கிரேக்கத்தை விட்டு எபிரேயத்துக்குப் போவதால் திருச்சபையில் பிளவு நேருமே எனக் கவலை தெரிவித்தார்.

ஜெரோம் சினத்தோடும் நகையோடும் விடையிறுத்தார். அச்செடியை அவர் பாலத்தீனத்தில் நேரிற் கண்டவர். திராட்சை இலைபோல் அகன்ற இலை, அடர்ந்த நிழல், கொழுகொம்பு வேண்டாமல் தன் தண்டிலேயே நிற்பது, மணற்பாங்கில் விரைந்து வளர்வது என அவர் விளக்கியுள்ளார். அதற்கு இலத்தீனிற் சொல்லில்லை. எபிரேயச் சொல்லையே இட்டால் எவர்க்கும் விளங்காது. ஆகவே முன்னையோர் சிலர் வழியில் ஐவி என வைத்ததாகக் கூறினார்.

அன்பர்களே! அவ்விளக்கத்தைக் கேட்ட தமிழ் உழவர் எவரும் அஃது ஆமணக்கு என உடனே சொல்லிவிடுவர் அன்றோ? இற்றை ஆராய்ச்சியாளர் பலரும் அதனை ஆமணக்கு என்றே கருதுகின்றனர். நெடுங்காலமாக வழங்கும் தமிழ் விவிலியத்திலும் அவ்விடத்தில் ஆமணக்குச் செடி என்றே காணப்படுகிறது. பேரறிஞர் ஒருவர் இலத்தீனிற் சொல் கிடைக்காமல் இடர்ப்பட்ட பொருளுக்கு, நம் பாட்டிமார் நாவில் ஆயிரம் ஆண்டுச் சொல் ஒன்று இருந்தது. ஒரு மொழியில் ஒரு சொல் இருத்தல் எத்துணைப் பெருஞ்செல்வம் என்பதை இந்நிகழ்ச்சியால் யாம் உணர்ந்தோம்.

குணமும் குற்றமும்

புனிதர் எனினும் இவர் குற்றமற்றவரல்லர். நாக்கும் எழுதுகோலும் கூரியன, பொறுமை குறைவு. இளமை முதல் உயிர்நண்பராக இருந்த ரூபினுஸ் என்பாருடன், ஓரிஜனின் கருத்துகள் பற்றிய பூசலால் பகைத்தார். அவர் இறந்த பின்னரும் இவர் வசைபாடுதலை விடவில்லை. இவர்தம் மொழிபெயர்ப்பும் முற்றும் பிழையற்றதன்று. மோசே மலையினின்று இறங்கியபோது முகம் ஒளிவீசியது எனப் பொருள்கொள்ளும் இடத்தில், கொம்பு என்றும் பொருள்படும் எபிரேயச் சொல்லைப் பின்பற்றி, கொம்புடைய முகம் என மொழிபெயர்த்தார். அதனால்தான் மைக்கேலாஞ்சலோ உரோமாபுரியிற் செதுக்கிய மோசேயின் சிலைக்குக் கொம்புகள் உள்ளன. குணமும் குற்றமும் சேர எடைபோட்ட பின்னரும் உயர்ந்து நிற்பவரே பெரியோர்.

இறுதி ஆண்டுகள்

404-இல் பவுலா மறைந்தார். தம் செல்வமனைத்தையும் அறத்துக்கு ஈந்து, மகளுக்குக் கடனையே விட்டுச் சென்றார். பெருந்துயரால் ஜெரோம் எழுதுகோலை எடுக்க இயலாது வாடினார். 410-இல் உரோமாபுரி கோத்தரிடம் வீழ்ந்தது. மர்செல்லா கொள்ளையர் கையிற் பட்ட துன்பத்தால் விரைவில் உயிர் நீத்தார். நேற்றுவரை மாளிகைகளில் வாழ்ந்தோர் பெத்லகேம் வாயிலில் ஏதிலியராய் வந்து நின்றனர். எசேக்கியேல் நூலுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்த ஜெரோம், அப்பணியை நிறுத்திவிட்டு வந்தோர்க்குத் தொண்டு செய்தார். பின்னர்க் களவாடிய இரவு நேரங்களில், மங்கிய விளக்கொளியில், கண்பார்வை குன்றிய நிலையில், பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அவ்விளக்கத்தை எழுதி முடித்தார்.

416-இல் வன்முறைக் கும்பல் ஒன்று மடங்களைத் தாக்கித் தீயிட்டது. முதியவர் ஓர் உறுதியான கோபுரத்துள் புகுந்து உயிர் தப்பினார். சில ஆண்டுகளில் எயுஸ்தோக்கியமும் மறைந்தார். 420-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஜெரோம் பெத்லகேமிலேயே கண்மூடினார் என மரபு கூறும்.

அவர் விட்டுச் சென்றது

பழகிய செவிகள் உடனே இசையவில்லை. திருப்பாடல்களில் மட்டும், எபிரேயத்திலிருந்து இவர் செய்த மொழிபெயர்ப்பை மக்கள் ஏலாமல், கிரேக்கத்தைத் தழுவி இவர் முன்னர்த் திருத்திய பாடத்தையே வைத்துக்கொண்டனர். எனினும் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, ஜெரோமின் உழைப்பை உயிர்நாடியாகக் கொண்ட வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியமே மேலைநாடு முழுவதும் பரவியது. ஏறத்தாழ 1455-இல் கூட்டன்பர்க் அச்சிட்ட புகழ்பெற்ற விவிலியம் இதுவே. 1546-இல் திரெந்து நகரிற் கூடிய பேரவை இதனை நம்பத்தக்க பாடமென ஏற்றது. விந்தை யாதெனின், படியெடுத்தோரால் இந்நூலிலும் பிழைகள் பெருகின! 1590-இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பும் பிழைபட, அதனை மீட்டுக்கொண்டு, 1592-இல் புதிய பதிப்பை வெளியிட நேர்ந்தது.

மற்றொரு பாடமும் இதிலுண்டு. தூற்றப்பட்ட புதிய பாடம் காலப்போக்கில் தொன்மைப் பாடமாயிற்று. பின்னாளில் எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூலங்களை நாடிய அறிஞர்களை, வுல்காத்தாவின் பெயராலேயே சிலர் எதிர்த்தனர். ஜெரோம் அன்று உயிரோடிருப்பின் மூலத்தை நாடியோர் பக்கமே நின்றிருப்பார் என்பது எம் துணிபு. மூலத்தை நாடும் அந்நெறியிலேயே, தரங்கம்பாடியில் சீகன்பால்கு கிரேக்கத்திலிருந்து பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவெய்தியது.

ஓவியர் பலர் இவரைச் சிங்கத்தோடு தீட்டினர். முள் தைத்த சிங்கத்தின் காலை இவர் குணப்படுத்தினார் என்பது இடைக்காலக் கதை. அது வேறொரு துறவியின் கதையினின்று வந்ததென்பர். கதை போகட்டும். 2017-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, இவர் நினைவு நாளாகிய செப்டம்பர் 30-ஐ உலக மொழிபெயர்ப்பு நாளாக அறிவித்தது. சமயம் கடந்து ஓர் எழுத்துத் தொழிலாளிக்குக் கிட்டிய சிறப்பு இதனினும் வேறில்லை.

முடிவுரை

பிறந்த மண்ணை விட்டு வந்து, அயல்மொழி நடுவே வாழும் நமக்கு இவ்வரலாறு கூறுவது யாது? நம் பெற்றோர் பேசிய தமிழை நாம் படியெடுத்தோம். நம்மைப் பார்த்து நம் மக்கள் படியெடுக்கின்றனர். படிக்குப் படி ஓர் எழுத்து உதிர்கிறது. ஒரு சொல் மறைகிறது. எம் இல்லத்துப் பிள்ளைகட்கு ஆமணக்கு என்பது யாதெனச் சொல்ல, யாமே ஒரு கணம் தயங்கி, இவ்வூர் மொழிச் சொல்லால் விளக்க நேர்ந்ததை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். குறை பிள்ளைகளிடம் இல்லை. நாம் கொடுத்த படியிலேயே உள்ளது.

ஆகவே, சங்கத்துத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புவதோடு நில்லாமல், பெற்றோராகிய நாமும் நூலைக் கையிலெடுத்து உடன் அமர்வோமாக. முப்பது வயதில் அரிச்சுவடி ஏந்திய ஜெரோமுக்கு நாணமில்லை. நாற்பதைக் கடந்த நமக்கு ஏன் நாணம்? மூலம் தொலைவில் இருக்கலாம். எட்டாத் தொலைவில் இல்லை.

வாழ்க எழுத்துத் தவம்! வளர்க தமிழ்ச் சங்கம்!